கரீம் (சங்கு

"மஹீரா, உங்க அத்தா பேரை அமுக்கினா ஒண்ணுமே வரல. வெள்ளையா இருக்குது" என்று அம்மாவாசை போனில் சொன்னபோது, மஹீரா ஒரு கையில் இருமல் மருந்தும் இன்னொரு கையில் டாக்டர் சீட்டுமாக நின்றுகொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது.

"வெள்ளைன்னா எப்படி மாமா?"

"வெள்ளைன்னா வெள்ளைதான். மேல மட்டும், இப்படி ஒரு பக்கம் இல்லை, நீங்களே எழுதித் தொடங்கலாம்னு போட்டிருக்குது. கீழ ஒரு கட்டம். நான் இதை நம்ம மில் ஆளுங்க குரூப்புல வேற போட்டுட்டேன்."

"அய்யோ, அதுக்குள்ளயா? சரி, இருக்கட்டும். சரியானதும் வேற அனுப்புறேன். அது வரைக்கும் அதைப் பாக்க வேணாம்னு சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் அம்மாவாசை. எதையும் அவர் இரண்டு முறை சொன்னால் செய்யமாட்டார் என்பது மில்லில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். மஹீரா மில்லில் வேலை பார்த்ததில்லை.

அவள் இருபது வருஷமாக முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எழுதிய டாக்டருக்கே புரியாத சீட்டை அவளிடம் கொடுத்தால், மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடாமல் படித்துவிடுவாள். போன வருஷம் தெரு நலச்சங்கக் கூட்டத்தில், ஃபேனைப் போடச் சொல்லிக் கையைத் தூக்கினாள். செயலாளராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஃபேனை மட்டும் கடைசிவரை யாரும் போடவில்லை.

பொறுப்பு என்று வந்த பிறகு மஹீரா சும்மா இருக்கிறவள் இல்லை. தெருவுக்கென்று ஓர் இணையதளம், அதில் 'தெருவின் பெருமை' என்று ஒரு பட்டியல், பட்டியலில் பதினேழு பேர். பெயரை அமுக்கினால் அவரவர் பக்கம் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சங்க அறையில் பெரிய டிவியில் போட்டுக் காட்டித் திறப்பு விழா. இன்று திங்கள்.

அந்தத் தெருவில் வெறும் பெயரை வைத்துக்கொண்டு யாரும் காலம் தள்ள முடியாது. கல்யாணப் பத்திரிகை ஆனாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆனாலும் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கும். ஆள் அதற்குள்தான் இருப்பார். ஊரில் பாதிப் பேரைப் பூமிக்குக் கொண்டுவந்த ஆயம்மா (மருத்துவச்சி). பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கிய விஜய்க்கு இப்போது சட்டைப் பொத்தான் எட்டவில்லை, ஆனாலும் அவன் விஜய் (நீச்சல்). இதைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. தெரு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்காது.

மஹீராவின் அத்தா கரீமுக்குத் தெரு கொடுத்தது (சங்கு). மில் ஓடிய காலத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை நேரத்துக்கு நீராவிச் சங்கு ஊதியவர். அவர் சங்கிலியை இழுத்தால்தான் முத்தியால்பேட்டையில் அடுப்பு எரியும். வைத்திக்குப்பத்தில் மீன்காரம்மாக்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் கூடையைத் தூக்குவார்கள். ஒரு நாளும் ஒரு நிமிஷம் பிசகியதில்லை. மில்லை மூடிப் பல வருஷம் ஆயிற்று. மனிதர் இப்போது சத்தமாகத் தும்மக்கூடமாட்டார். ஆயுசுக்கு உண்டான சத்தத்தை எல்லாம் மில்லிலேயே செலவழித்துவிட்டார் போலிருக்கிறது.

அப்படிப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் பழைய மில் ஆட்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தார். மஹீராவின் நிக்காவுக்குப் பிறகு அவராக வாய் திறந்து நாலு பேரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அத்தனை பேர் முன்னால் அத்தாவின் பெயரை அமுக்கி வெள்ளைப் பக்கம் வந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று மஹீரா நினைத்தாள். இருமல்காரரை அனுப்பிவிட்டுத் தமிழ்மாறனைக் கூப்பிட்டாள்.

தளத்தைச் செய்து கொடுத்தவன் தமிழ்மாறன். ரெட்டியார்பாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். தான் செய்த எதிலும் தப்பு இருக்கும் என்று அவன் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"சாப்ட்வேர்ல ஒண்ணும் இல்லக்கா. உங்க அத்தா பேர்லதான் பிரச்சனை" என்றான்.

"எழுபத்து நாலு வருஷமா இல்லாத பிரச்சனை உன் சாப்ட்வேர் வந்ததும் வந்துடுச்சா?"

"கோச்சுக்காதீங்க. லிங்க் எப்படி எழுதுறீங்க? சதுர அடைப்புல பேர், அதை ஒட்டி வட்ட அடைப்புல விலாசம். சரியா? வட்ட அடைப்பு எங்க மூடுதோ, அதோட விலாசம் முடிஞ்சுதுன்னு அது எடுத்துக்கும். உங்க அத்தா பேருக்குள்ளயே ஒரு வட்ட அடைப்பு மூடுது. சங்குக்கு அப்புறம். அதோட நின்னுடுச்சு."

"நின்னு?"

"கரீம், கீழ்க்கோடு, அடைப்பு தொறந்து சங்கு. அவ்ளோதான் விலாசம். அடைப்பு மூடல. அப்படி ஒரு பக்கம் நம்மகிட்ட இல்ல. இல்லாத பக்கத்துக்கு யாரு போனாலும் எழுதச் சொல்லிக் கட்டம் காட்டும். தெருவே எழுதணும்னு நான்தான் அப்படி வச்சேன். நீங்க எழுதின பக்கம் மட்டும் பூட்டியிருக்கும், யாரும் கை வைக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமிதம் இருந்தது. "பேசாம பேர்லேர்ந்து அடைப்பை எடுத்துடுங்களேன்."

"அடைப்பை எடுக்குற பேச்சே வேணாம்" என்றாள் மஹீரா.

"சரிக்கா, வேற வழி பாப்போம்" என்றான் தமிழ்மாறன்.

பதினேழு லிங்கில் அன்றைக்கு ஒழுங்காகத் திறந்தது ஒன்றே ஒன்று. பிரான்ஸ் கரீமுடையது. அதே தெருக்காரர். பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊரே அவரைப் பிரான்ஸ் கரீம் என்றாலும், பட்டியலில் பெயர் சேர்க்கும்போது, "எனக்கு அடைப்பு எல்லாம் வேணாம். கரீம்னாலே நான்தான்" என்று சொல்லி, வெறும் 'கரீம்' என்ற பக்கத்தை முதல் ஆளாகப் பிடித்துக்கொண்டார். பனியில் கோட்டு போட்டு நிற்கிற போட்டோவும் கொடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை தமிழ்மாறன் சொன்ன வைத்தியம் சின்னதுதான். "அடைப்புக்கு முன்னாடி கீழ்க்கோட்டை எடுத்துட்டு ஒரு எடம் விட்டு எழுதுங்கக்கா. தனியா தெரிஞ்சா அதுக்குப் புரியும்."

மஹீரா இடம் விட்டாள். விலாசத்தில் இடம் விடக்கூடாது என்பது மென்பொருளுக்குத் தெரியும், தமிழ்மாறனுக்கு அன்றைக்கு மறந்துவிட்டது. இடம் வந்ததும் விலாசம் அதோடு முடிந்தது என்று அது எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது 'கரீம்'. ஆக, கரீம் (சங்கு) என்ற பெயரை அமுக்கினால், பனியில் கோட்டு போட்ட பிரான்ஸ் கரீம் சிரித்துக்கொண்டு வந்தார்.

வைத்திக்குப்பத்திலிருந்து தையல்நாயகி மாத்திரை வாங்க வந்தபோது முதல் கேள்வியே அதுதான். மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தவள்.

"நானும் இருபது வருஷம் அந்த மில்லுல இருந்திருக்கேன். எப்பம்மா பனி பெஞ்சுது?"

"அது வேற கரீம், அத்தை. லிங்க் மாறிப் போச்சு. நாளைக்குச் சரி பண்ணிடுவேன்."

"நான் தெரியாமதான் கேக்குறேன். போன்ல பேசினா அதுவே எழுதிக்குமாமே, அது எப்படி?"

மஹீரா மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தாள். "யாருக்கு எழுதப் போறீங்க?"

"ஒருத்தருக்குச் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்குது" என்று மாத்திரைப் பட்டையைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு தையல்நாயகி கிளம்பிவிட்டாள். அடுத்து ஒருவர் பல்வலியோடு நின்றதால் மஹீராவும் மேலே கேட்கவில்லை.

புதன்கிழமை வைத்தியம் சாய்கோடு. "அடைப்புக்கு முன்னாடி ஒரு சாய்கோடு போட்டீங்கன்னா, இது அடைப்பு இல்ல, சும்மா எழுத்துன்னு எடுத்துக்கும்" என்றான் தமிழ்மாறன். சாய்கோட்டில் இடது பக்கம் சாய்வது ஒன்று, வலது பக்கம் சாய்வது ஒன்று என்று இரண்டு இருப்பதை அவன் சொல்லவில்லை. மஹீரா கண்ணில் முதலில் பட்டதை எடுத்து அடைப்பு உள்ள பதினாறு பெயரிலும் வைத்து, போகிற போக்கில் இரண்டு அடைப்பையும் அழித்துவிட்டாள். லிங்க் எல்லாம் அவிழ்ந்து வெறும் எழுத்தாக வெளியே கொட்டியது. அந்த மென்பொருளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு கீழ்க்கோட்டுக்கு நடுவே வந்ததை எல்லாம் சாய்வெழுத்தாக்கிவிடும். ஒவ்வொரு பெயரிலும் கீழ்க்கோடு இருந்ததா, பட்டியலே புயலில் மாட்டிய வாழைத்தோப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பிரான்ஸ் கரீம் கடைக்கே வந்துவிட்டார்.

"போன்ழூர், மஹீரா. கண்ணுல ஏதோ கோளாறுன்னு சொட்டு மருந்து வாங்கக் கிளம்பினேன். வழியில விஜய் சொல்றான், கண்ணு நல்லாதான் இருக்குது, நீதான் தெருவையே சாய்ச்சு வச்சிருக்கன்னு."

"சரி பண்ணிடுவேன், சாச்சா."

"பேருக்குப் பக்கத்துல ஒண்ணும் ஒட்டாம வச்சா இந்தத் தொல்லை எல்லாம் வராது. என் பக்கத்தைப் பாரு. ஒரு நாள் மக்கர் பண்ணுச்சா?"

அவர் சொன்னதில் மஹீராவுக்கு வலித்த விஷயம், அது உண்மை என்பதுதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அத்தா கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தினமும் இந்த நேரத்துக்குக் குருவி வீடியோ பார்ப்பார்.

"அத்தா, இன்னும் ரெண்டு நாளு. லிங்க்கைச் சரி பண்ணிடுவேன்."

"எதுக்கும்மா? இருக்கிறது நல்லாதான் இருக்குது. தொடாத."

தனக்காக யாரும் சிரமப்படக்கூடாது என்கிற மனிதர். இவருக்கா ஒரு வெள்ளைப் பக்கம் என்று நினைத்ததும் மஹீராவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் போனில் 'உங்கள் தளத்தில் மாற்றம்' என்று ஒரு மெயில் விழுந்தது. அன்றைக்கு அது பதினாறாவது. தமிழ்மாறனிடம் கேட்டாள்.

"அது நீங்க சும்மா சும்மா மாத்துறீங்கல்ல, அதுக்கு வருதுக்கா. ஆஃப் பண்ணிடுங்க."

ஆஃப் பண்ணிவிட்டாள்.

வியாழக்கிழமை தமிழ்மாறன் பெரிய மருந்தை எடுத்தான். "பக்கத்தைத் தொறந்து மேல இருக்கிற விலாசத்தை அப்படியே காப்பி பண்ணுங்க. ஒரு எழுத்து கை வைக்காதீங்க. அது கம்ப்யூட்டர் பாஷையில வரும். அதுல தப்பே வராது."

மஹீரா காப்பி செய்து, பட்டியலில் வைப்பதற்கு முன் எல்லோருக்கும் திறக்கிறதா என்று பார்க்கத் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினாள். 'கரீம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு ரயில் ஓடியது. தமிழில் ஒரு குறிக்கு அது ஒன்பது எழுத்து எடுத்துக்கொள்ளும். கரீம் சங்கு என்ற சின்னப் பெயர் தொண்ணூற்றேழு எழுத்தாக நீண்டு திரையை நிரப்பியது. வேடிக்கை என்னவென்றால், நான்கு நாளில் முதல் முறையாக லிங்க் சரியாக இருந்தது. அமுக்கத்தான் ஆளில்லை.

ஐந்து நிமிஷத்தில் பிரான்ஸ் கரீமின் குரல் பதிவு வந்தது. "யாரும் அந்த லிங்க்கை அமுக்காதீங்க. திருட்டு லிங்க். மஹீரா போனை எவனோ புடிச்சிட்டான். பிரான்ஸ்ல இப்படித்தான் ஒருத்தனுக்கு ஆச்சு. மெர்சி."

வெள்ளிக்கிழமை முழுக்க, தன் போனை யாரும் பிடிக்கவில்லை என்று மஹீரா ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்பினவர்கள்கூட, எதற்கு வம்பு என்று அமுக்கவில்லை. மூன்று பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். விஜய் (நீச்சல்) போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டான், அது தண்ணீரில் விழுந்த போனுக்குச் செய்வது என்று தெரிந்தும்.

"ஞாயித்துக்கெழமைக்கு அடைப்பை எடுத்துடலாம்க்கா" என்றான் தமிழ்மாறன். முதல் தடவையாக அவன் குரல் இறங்கியிருந்தது. "கரீம் ரெண்டுன்னு போட்டுடலாம். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"தமிழ்மாறா, எங்க அத்தாவுக்கு அந்த மில்லு ஒண்ணும் குடுக்கல. ஒரு சால்வை கிடையாது, ஒரு போட்டோ கிடையாது. முப்பத்தொரு வருஷத்துக்கு அவருக்குன்னு இருக்கிறது அந்த அடைப்பு ஒண்ணுதான். அதை எடுக்குற கை என் கையா இருக்காது."

சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. மஹீரா அந்தத் தொண்ணூற்றேழு எழுத்தையும் ஒரு மருந்து உறையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே ஆயம்மா (மருத்துவச்சி) விலாசத்தையும் எழுதினாள். அதற்குக் கீழே விஜய் (நீச்சல்). எழுதியவனுக்கே புரியாததைப் படிப்பதுதானே அவள் தொழில். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எந்தப் பெயரானாலும் அடைப்பு திறக்கிற இடத்தில் சதவீதக் குறியும் இருபத்தெட்டும் இருந்தது. மூடுகிற இடத்தில் சதவீதக் குறியும் இருபத்தொன்பதும் இருந்தது.

மிச்சம் எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும். அடைப்புக்குப் பதிலாக இந்த மூன்றெழுத்தை மட்டும் வைத்தால் என்ன என்று தோன்றியது. வைத்தாள். பெயரை அமுக்கினாள்.

அத்தா வந்தார். பழைய சட்டையில், கொஞ்சம் கூச்சத்தோடு, அவள் எடுத்த போட்டோவில், அடைப்பு திறந்து, சங்கு, அடைப்பு மூடி.

மஹீரா கல்லாவுக்குப் பின்னால் தனியாக நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றப் பதினைந்து பெயரையும் சரிசெய்தாள். கடைசியில் தமிழ்மாறனைக் கூப்பிட்டு, செய்ததைச் சொன்னாள்.

"அதைத்தான்க்கா நானும் சொல்ல வந்தேன்" என்றான்.

"தெரியும்ப்பா" என்றாள் மஹீரா. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் நிற்க இடமில்லை. ஃபேன் போட்டிருந்தார்கள். மில் ஆட்கள் முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் கசங்காத புடவையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவாசை தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அத்தா நடுவில், இஸ்திரி போட்ட சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். பிரான்ஸ் கரீம், என்ன ஆகிறது பார்ப்போம் என்று வாசல் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சரியாகப் பதினோரு மணிக்கு மஹீரா பெயரை அமுக்கினாள். அரை நொடி திரை வெள்ளையாக இருந்தது. அந்த அரை நொடியில் அவளுக்கு ஆறு நாளும் வந்து போனது. பிறகு பக்கம் திறந்தது.

கைதட்டல் எழுந்தது. தான் எழுதிய பன்னிரண்டு வரியையும் மஹீரா நின்று வாசித்தாள். இந்தத் தெருவின் நேரத்தை முப்பத்தொரு வருஷம் கையில் வைத்திருந்தவர் என் அத்தா என்ற வரி வந்தபோது குரல் உடைந்தது. அதை அவள் மறைக்கவில்லை. அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பதினேழு பெயரும் ஒன்றன் பின் ஒன்றாகத் திறந்தன. தமிழ்மாறன் எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னான்.

பிரான்ஸ் கரீம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் காதோரம் குனிந்தார்.

"மஹீரா, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன். பிரான்ஸ்னு, அடைப்புக்குள்ள. வெறும் பேரா பாக்க மொட்டையா இருக்குது."

"போட்டுடலாம், சாச்சா. ஆனா தெருவைக் கேக்கணும்."

இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? மஹீரா அத்தாவின் பக்கத்தை மறுபடி டிவியில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கடைசி வரி வரை படித்துவிட்டு, இன்னும் கீழே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது அத்தா."

"ம். நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் அம்மாவாசையைப் பார்த்தார். அம்மாவாசை அந்த வரிசையில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். மஹீரா திரையில் தன் பன்னிரண்டு வரியை மறுபடி பார்த்தாள். என்ன விட்டுப்போயிற்று?

தையல்நாயகி சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நீ எழுதினதும் நல்லாதாம்மா இருக்குது, ஆனா மில் ஆளுங்க நாங்க அறுபத்து மூணு பேரு எழுதி, உங்க அத்தா தெனம் சாயங்காலம் கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் படிக்கிறாரே, அந்த அடைப்பு மூடாத பக்கம், அதை எப்ப தொறக்கப் போற?"